கிரனாடாச் சாவி

என் வேலை வண்டி ஓட்டுவது.
பேசுவது ஸூஹைரின் வேலை.
தாஞ்சியரில் ஏற்றி மெர்ஸூகாவில் இறக்கும்வரை
ஒன்பது நாள், பதினான்கு இருக்கை,
குமட்டலுக்குக் காகிதப் பை.
அவன் வாய் மூடினால்
யாரோ தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஷெஃப்ஷாவனின் நீலத்துக்கு
அவனிடம் நான்கு காரணங்கள் உண்டு.
கொசு அண்டாது என்பான் ஜெர்மானியர்களுக்கு.
வானத்தின் ஞாபகம் என்பான் தனியாக வந்தவர்களுக்கு.
என்னிடம் ஒருமுறை சொன்னான்:
சுண்ணாம்பில் நீலம் கலந்தால் கூட்டம் வருகிறது, ஹம்மாதி,
அவ்வளவுதான்.

மெக்னஸில் ஒரு கோட்டைவாசல்.
அதன் முன் நின்றவர்கள் எல்லோரும் சிறுத்துப்போனார்கள்.
நிறுத்த இடமில்லாமல் நான் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
இத்தனை வருஷத்தில் அந்த வாசலை நான் பார்த்தது
பக்கக் கண்ணாடியில்தான்,
இடம் வலமாக.

ஃபெஸ்ஸின் சந்துகளில் வண்டி நுழையாது.
கழுதை நுழையும்.
"பாலக்! பாலக்!" என்று கத்தியபடி
பின்னாலேயே அதன் முதலாளியும்.
தோல் தொட்டிகளுக்கு மேலே, மொட்டைமாடியில்,
ஆளுக்கொரு புதினாக் கொத்து.
அதை மூக்கில் அழுத்திக்கொண்டு படம் எடுத்தார்கள்.
கீழே மஞ்சளில் இடுப்பளவு நிற்பவனுக்கு
யாரும் புதினா தருவதில்லை.

முட்டிவலிக்காரர் ஒருவரைத் தாங்கிக்கொண்டு
அன்று நானும் போயிருந்தேன்.
அந்தலூசியர் தெருவின் முனையில்
ஸூஹைர் சாவியை எடுத்தான்.
பச்சைத் துணி. மூன்று மடிப்பு.
"ஐந்நூறு வருஷம். கிரனாடாவில் எங்கள் வீட்டுச் சாவி.
வீடு போயிற்று. இது இருக்கிறது."
'இது' என்னும்போது குரல் உடையும்.
மழையிலும் உடையும்.
பல்வலியோடு வந்த நாளிலும் உடைந்தது.
காசாபிளாங்காவின் பழைய சாமான் சந்தையில்
எழுபது திர்ஹாம்.
பேரம் பேசியவன் நான்.

பின்வரிசைப் பெண் கை நீட்டினாள்.
ரெமேதியோஸ். கிரனாடாக்காரி.
என்ன தொழிலென்று அதுவரை யாரும் கேட்கவில்லை.
சாவியின் பல்லைக் கட்டைவிரலால் தடவினாள்,
முகர்ந்தாள்,
நாக்கில் வைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.
"எங்களுடையது பூட்டுக்கடை," என்றாள்.

ஒரு கழுதை கடந்துபோக எவ்வளவு நேரமோ
அவ்வளவு நேரம் ஸூஹைர் மூச்சு விடவில்லை.

"நல்ல கனம்," என்றாள்.
மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பின் வண்டியில் எஞ்சின் சத்தம் மட்டும்.
அஸ்ரூவின் தேவதாருக் குரங்குகள் விளக்கமின்றிக் குதித்தன.
மிதெல்த்தில் ஆப்பிளைக் கதை இல்லாமல் தின்றார்கள்.
ஸிஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சைகளைப் பார்த்து
"இவை மரங்கள்" என்றான் ஸூஹைர்.
எர்ஃபூதில் ரெமேதியோஸ் ஒரு கல்பூச்சி வாங்கினாள்,
சுண்ணாம்பில் வார்த்த போலி.
தெரிந்தேதான் வாங்கினாள்;
செய்தவனின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

மெர்ஸூகா.
ஒட்டகங்களை மடக்கிக் கட்டியாயிற்று.
டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.
"அரம் ஓடிய தடம் நேர்கோடு," என்றாள், "அது இயந்திரம்.
எங்கள் பட்டறையில் என்றால் பல்லை மழுக்கியிருப்போம்.
மாதம் முப்பது செய்கிறேன், உங்களைப் போலவே
கண்ணீர் விடுகிற கடைகளுக்கு."
சாவியை வாங்கிக் கைநிறைய மணலை வைத்துத் தேய்த்தாள்.
"வினிகரில் ஓர் இரவு. பிறகு உப்பு. பிறகு இந்த மணல்,
இதைவிட நல்ல அரம் எங்களிடம் இல்லை."

ஸூஹைர் வெகுநேரம் பேசவில்லை.
அவன் பேசாமல் நான் கேட்டது அன்றுதான்.
பிறகு சொன்னான்:
"எங்கள் பாட்டன்மார் கூடாரக்காரர்கள்.
எங்களுக்குக் கதவே இருந்ததில்லை.
ஆட்டுமயிர்த் துணி ஒன்று தொங்கும்,
காற்று தட்டாமலே உள்ளே வரும்."
"அதைச் சொல்லலாமே," என்றாள் அவள்.
"அதற்குக் காட்ட என்ன இருக்கிறது?" என்றான்.

காற்று எழுந்து
எங்கள் மூவரின் காலடிகளையும் மூடத் தொடங்கியது,
என்னுடையதை முதலில்.

அடுத்த பயணம்.
ஷெஃப்ஷாவன் ஏற்றத்திலேயே
எல்லோரும் சன்னலைத் திறக்கச் சொன்னார்கள்.
வண்டி முழுக்க வினிகர் நாற்றம்.